உதயத்தைப் படமாக்க: சூரியனின் அளவும் வானத்தின் ஒளியும்

வானில் சூரிய வட்டின் அகலம் ஏறத்தாழ அரை டிகிரி. கேமராவின் உணரியில் விழும் அதன் பிம்பம், லென்ஸின் குவியத் தொலைவில் சுமார் 109-இல் ஒரு பங்கு. 24 மி.மீ. லென்ஸில் அது கால் மில்லிமீட்டர்கூட இராது. 36 மி.மீ. அகலமுள்ள உணரியில் அது வெறும் புள்ளி. 400 மி.மீ. லென்ஸிலோ 3.7 மி.மீ., அதாவது படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குப் பிரம்மாண்டமாகத் தெரிந்த உதயம் படத்தில் சிறுத்துப்போவது இதனால்தான். அகலக்கோண லென்ஸில் எடுக்கும் படத்தைத் தாங்குவது முன்புறக் காட்சியே: ஈரப் பாறை, வடிந்தோடும் அலை, கரையேற்றிய வள்ளம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்ட பிறகு சூரியனுக்கு இடம் பார்ப்பது நல்லது.

கன்னியாகுமரியில் இந்தக் கணக்கு தெளிவாக விளங்கும். கரையிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டரில் விவேகானந்தர் பாறையும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும் இருக்கின்றன. அந்தத் தொலைவில் சிலை சூரியனைப் போல எட்டு, ஒன்பது மடங்கு உயரமாகத் தெரியும். இரண்டும் ஒரே உயரமாகத் தெரிய வேண்டுமானால் சுமார் 4.4 கிலோமீட்டர் விலகி நின்று நீளமான லென்ஸில் எடுக்க வேண்டும். சூரியன் உதிக்கும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும்: ஜூன் பிற்பகுதியில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி வடக்கே, டிசம்பர் பிற்பகுதியில் அதே அளவு தெற்கே. சென்ற மாதம் பொருந்திய இடம் இந்த மாதம் பொருந்தாமல் போகலாம். ஆனால் அரை கிலோமீட்டரிலுள்ள சிலைக்குப் பின்னே சூரியனை ஒரு வட்டு அளவு தள்ளிவைக்க, கரையில் ஐந்து மீட்டர் பக்கவாட்டில் நடந்தாலே போதும். முக்காலியை ஓரிடத்தில் ஊன்றிவிட்டு நகர மறுப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

நேரமும் குறைவு. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தப் பகுதியில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால், தொடுவானத்துக்கு 6 டிகிரி கீழிருந்து மேலே வர இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகமே ஆகும். மேகங்களின் அடிப்புறம் சிவப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். வட்டு முழுதாக வெளிவர அதன்பின் இரண்டு நிமிடங்களுக்கு மேல் சிறிதே பிடிக்கும். சட்டகம் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

ஒளியளவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கேமராவின் ஒளிமானி காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாகக் கொண்டுவர முயலும். சூரியன் சட்டகத்தில் இருந்தால் தரை கருத்துவிடும். தரைக்கு அளந்தால் வானம் வெளுத்துவிடும். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது. சிறந்த உணரிகளால்கூட 14 ஸ்டாப் அளவு வேறுபாட்டையே பதிவுசெய்ய முடிகிறது. உதயக் காட்சி அதைத் தாண்டிவிடும். வெளுத்துப்போன பகுதியில் மீட்க எதுவும் மிஞ்சாது, நிழலிலிருந்தோ ஓரளவு மீட்கலாம். ஆகவே வானத்துக்கு அளப்பதே முறை. சூரிய வட்டு வெளுத்தால் குறையில்லை. அதைச் சூழ்ந்த மேகத்தின் நிறம் போய்விடக் கூடாது. திரையில் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

வேறுபாடு மிக அதிகமானால் இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, சரியளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என எடுத்துப் பின்னர் இணைக்கலாம். பாதி இருண்ட ஃபில்ட்டர் திறந்த கடலுக்குப் பொருந்தும். தொடுவானத்தை மீறி எழும் சிலையின் மேற்பாதியை அது கருக்கிவிடும் என்பதால் குமரியில் இணைப்பு முறையே மேல். அலை மட்டும் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறியிருக்கும். அதை ஏதேனும் ஒரு படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற அமைப்புகள் எளியவை: ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8 முதல் 11 வரை, கோப்பு ரா வடிவில். வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் விடியலின் செம்மையைக் கேமராவே திருத்திக் குறைத்துவிடும். பகலொளி அமைப்பில் அது தங்கும். நீண்ட லென்ஸ் பூட்டிய எஸ்எல்ஆர் கேமராவின் காட்சித்துளை வழியே, மேலெழுந்துவிட்ட சூரியனை நேராகப் பார்ப்பது விழித்திரைக்கு ஆபத்து. அப்போது பின்புறத் திரையையே பயன்படுத்த வேண்டும்.