சரக்கை ஏற்றுமுன் லொறியின் இலக்கத்தைப் பாருங்கள்

புறக்கோட்டையில் சரக்கு வாங்கும்போது நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! பருப்பைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறோம். கிலோவுக்கு ஐம்பது சதம் குறைப்பதற்காக நாலு கடை ஏறி இறங்குகிறோம். காசோலையில் ஒரு எழுத்துப் பிசகினாலும் திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் அத்தனை சரக்கையும் ஒரு லொறியில் ஏற்றி, முன்பின் தெரியாத ஒரு சாரதியிடம் ஒப்படைக்கும்போது நாம் கேட்பது ஒரேயொரு கேள்விதான்: "வாடகை எவ்வளவு?"

2011 ஆம் ஆண்டு வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருடம் நோன்புப் பெருநாளைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கல்முனைக்குச் சீனி, பருப்பு, பால்மா அனுப்ப வேண்டியிருந்தது. வழமையான லொறிக்காரருக்குக் கை ஓயாத வேலை. தரகர் ஒருவர் வேறொரு லொறியைக் கொண்டு வந்து நிறுத்தினார். வாடகை இரண்டாயிரம் ரூபா குறைவு. புதிதாகப் பெயின்ற் அடித்து, முன்னால் பெரிய எழுத்தில் பெயரும் போட்டிருந்தது. நாட்டாமிமார் ஒரு மணித்தியாலத்தில் ஏற்றி முடித்தார்கள். நான் கடைக்குப் போய்த் தேநீர் குடித்தேன்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. சாரதி புத்தியாக மலைப்பக்கம் திருப்பியதால் உயிர்கள் தப்பின. கிளீனர் பையனுக்குக் கை முறிந்தது. லொறி சரிந்து, சீனி மூடைகள் வெடித்து வீதியெல்லாம் வெள்ளை.

சரி, காப்புறுதி இருக்கிறதே என்று நினைத்தேன். அப்போதுதான் பத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பதிவுப் புத்தகத்தில் இருந்த உரிமையாளர் மூன்று வருடங்களுக்கு முன்னரே லொறியை விற்றுவிட்டவர். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றவில்லை. 'ஓப்பின் பேப்பர்' என்று நம்மவர்கள் சாதாரணமாகச் சொல்வார்களே, அதுதான். வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகி நாலு மாதம். காப்புறுதிப் பத்திரத்தில் சொந்தப் பொருட்களை ஏற்றுவதற்கு மட்டுமே என்று எழுதியிருந்தது. வாடகைக்கு ஓட இடமில்லை. மொத்த வியாபாரிக்கு நான் கொடுத்த காசோலைகளின் திகதி இதற்காகக் காத்திருக்கவில்லை. வீட்டு நகைகள் வங்கிக்குப் போயின. மீட்டெடுக்க ஒன்றரை வருடம் எடுத்தது.

இத்தனையும் லொறியைச் சுற்றி ஒரு தடவை நடந்திருந்தால், நாலு தாள்களைக் கேட்டிருந்தால் எனக்கு முன்னரே தெரிந்திருக்கும்.

முதலில் முன்கண்ணாடியைப் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். வருடாவருடம் அதைப் புதுப்பிக்கும்போது காப்புறுதியும், புகைப் பரிசோதனைச் சான்றிதழும், லொறியென்றால் தகுதிச் சான்றிதழும் காட்ட வேண்டும். ஆகவே அந்தச் சிறிய தாள் செல்லுபடியாக இருந்தால் மற்ற மூன்றும் எடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஓரளவு நம்பலாம். ஓரளவுதான். எடுத்த அன்று பிரேக் நன்றாக இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. பத்து மாதம் மலைப்பாதையில் ஓடிய பிறகு எப்படியிருக்கிறது என்பதை அது சொல்லாது.

அடுத்தது பதிவு. வாகன இலக்கத்தைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரங்களைப் பெறலாம். உரிமையாளர் யார், லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராகப் பதிவாகியிருக்கிறதா என்பது அதில் தெரியும். லீசிங்கில் இருப்பது குற்றமல்ல. ஆனால் தவணை கட்டாத லொறியை வழியில் மறித்து எடுத்தால் உங்கள் சரக்கும் அதோடு போய் நிற்கும். 'டிரான்ஸ்போர்ட்ஸ்' என்று போர்ட் போட்டிருப்பவர் உண்மையில் கம்பனியா என்று கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் பார்க்கலாம். தனி வியாபாரம் என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். பலரிடம் இரண்டுமே இராது, கேட்டால் சிரிப்பார்கள்.

சாரதி அனுமதிப்பத்திரத்தை நாம் பார்ப்பதேயில்லை. மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சீ1 வகுப்பு வேண்டும். அதற்கு மேற்பட்டதற்கு சீ. பீ வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய லொறி ஓட்டுகிறவர்கள் இல்லையென்று யார் சொன்னார்கள்? மொத்த நிறை என்பது லொறியும் சுமையும் சேர்ந்தது என்பதையும் கவனியுங்கள். பிறகு குனிந்து டயரைப் பாருங்கள். ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2314 என்றிருந்தால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்த டயர். வயதைக் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

மச்சானின் மகன் அமெரிக்காவில் வியாபாரம் செய்கிறான். அங்கே லொறிக் கம்பனிகளைக் கண்காணிக்க 2000 ஆம் ஆண்டில் தனியான மத்திய நிர்வாகமே அமைத்திருக்கிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் கம்பனிக்கு ஒரு இலக்கம் உண்டு. அதை இணையத்தில் அடித்தால் எத்தனை லொறி, எத்தனை சாரதி, கடந்த 24 மாதங்களில் எத்தனை சோதனை, எத்தனை தடவை "இந்த வாகனம் ஓடக்கூடாது" என்று நிறுத்தினார்கள், எத்தனை விபத்து, எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். பொதுச் சரக்கு ஏற்றும் பெரிய லொறிகளுக்கு ஆகக்குறைந்தது 750,000 டொலர் பொறுப்புக் காப்புறுதியும் கட்டாயம். அப்படியிருந்தும் அங்கே ஏமாற்று இருக்கிறது. கெட்ட பெயர் வாங்கிய கம்பனியை மூடிவிட்டு அதே லொறிகளோடு புதுப் பெயரில் திறப்பார்களாம். பச்சோந்திக் கம்பனி என்றே அதற்குப் பெயர். எனக்கு அந்தப் புதுப் பெயின்ற் ஞாபகம் வந்தது.

நமக்கு அப்படியொரு ஏடு கையில் கிடைப்பதில்லை. ஆகவே நான் என் சொந்த ஏட்டை வைத்திருக்கிறேன். ஒரு சீ.ஆர். கொப்பி. லொறி இலக்கம், சாரதி பெயர், காப்புறுதி முடியும் திகதி, எந்தப் பயணத்தில் பிந்தியது, எதில் மூடை நனைந்தது. பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று. பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் லொறியின் காப்புறுதி உங்கள் சரக்குக்கு நட்டஈடு தரும் என்று எண்ண வேண்டாம். சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. ஏற்றிய பொருளுக்கு நாமேதான் தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். நான் இப்போது எடுக்கிறேன். பெரிய தொகையல்ல, ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

போன மாதம் ஒரு லொறிக்காரரிடம் பத்திரங்களைக் கேட்டேன். "என்ன ஹாஜியார், பொலிஸ் மாதிரிக் கேக்கிறீங்க?" என்று கோபித்துக் கொண்டு வெறும் லொறியோடு போய்விட்டார். மறுவாரம் அவரே வந்தார். எல்லாப் பத்திரங்களையும் போட்டோப் பிரதி எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தார். வாடகையை ஐந்நூறு ரூபா கூட்டிக் கேட்டார். மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.