றிம் வாங்குமுன் அதன் பின்புறத்தைப் பாருங்கள்

ஒக்ரோபர் பிறந்துவிட்டால் ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் எம்மவர் இல்லங்களில் பனிக்கால ரயர் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடுகிறது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆயினும் 2016 முதல் அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் பனிக்கால ரயர் பூட்டியோருக்குக் கழிவு வழங்கவேண்டும். ஒரே றிம்மில் ஆண்டுக்கு இருமுறை ரயர் மாற்றும் கூலியை மிச்சப்படுத்த, பாவித்த றிம்கள் நான்கைத் தனியாக வாங்கி வைப்பது நல்ல யோசனையே. எந்த றிம் என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். நாமும் தவறியவர்களே.

எமது ரொயோட்டா கொறோலாவுக்கு 17 அங்குல அலுமினிய றிம்கள் மலிவாகக் கிடைத்தன. ஐந்து துளைகளும் பொருந்தின, பார்வைக்கும் அழகாயிருந்தன. தனியே ஓடியபோது குறையொன்றும் தெரியவில்லை. திருமண வீடொன்றிற்குப் பின்னாசனத்தில் மூவரை ஏற்றிச் சென்ற அன்று, பள்ளம் வந்த இடமெல்லாம் பின்சில்லு மட்காட்டில் உராயும் ஓசை கேட்டது. வீடு திரும்பிப் பார்த்தபோது ரயரின் ஓரத்து றப்பர் சீவப்பட்டிருந்தது. 401 நெடுஞ்சாலையில், பிள்ளைகளும் உள்ளேயிருக்க, அது வெடித்திருந்தால்?

நாம் கேட்காமல் விட்ட ஓர் எண்ணே காரணம். அதன் பெயர் ஓவ்செற். றிம்மின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டிலிருந்து, காரோடு பொருந்தும் அதன் முகம் எத்தனை மில்லிமீற்றர் விலகியிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. இன்றைய சிறிய கார்களில் அந்த முகம் வீதிப்பக்கமாகவே விலகியிருக்கும். இந்த எண் குறைந்தால் சில்லு வெளியே வரும். கூடினால் உள்ளே சென்று ஸ்பிறிங்கை நெருங்கும்.

எமது பழைய றிம் 6.5 அங்குல அகலம், ஓவ்செற் 45. வாங்கியதோ 7 அங்குலம், 35. அகலம் கூடியதால் வெளிப்பக்கம் 6 மி.மீ., ஓவ்செற் குறைந்ததால் மேலும் 10 மி.மீ.; ஆக 16 மி.மீ. வெளியே தள்ளியிருந்தது. இவ்வாறு தள்ளிய சில்லு பெயரிங்கையும் விரைவில் தேய்க்கும். பெரும்பாலான றிம்களின் பின்புறத்தில் ஈ, ரி என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களுடன் இவ்வெண் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய எண்ணிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் விலகிய றிம்மை நாம் இனி வாங்கமாட்டோம்.

துளைகளிலும் கவனம் தேவை. சாதாரண கொறோலா 2003 முதல் வட அமெரிக்காவில் 5×100. 2006க்குப் பின்வந்த சாதாரண கொண்டா சிவிக் 5×114.3. ஒன்றினது மற்றதற்கு ஏறாது. நான்காம் தலைமுறை வொக்ஸ்வாகன் கோல்வின் றிம் கொறோலாவில் ஏறும். ஆனால் அதன் நடுத்துளை 57.1 மி.மீ., கொறோலாவுக்கு வேண்டியது 54.1. இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாவிடின் ஸ்ரியறிங் நடுங்கும். நட் அமரும் குழியின் வடிவமும் ஒத்திருக்கவேண்டும். கொண்டாவின் சொந்த றிம்மில் அது உருண்டை. கடைகளில் விற்கும் பிற றிம்களில் பெரும்பாலும் கூம்பு. மாறிப் பூட்டினால் நட் தளரும்.

ரயரின் அளவைச் சாரதிப்பக்கக் கதவோரத்து ஒட்டுத்தாளில் காணலாம். 195/65 ஆர் 15, 205/55 ஆர் 16 ஆகிய இரண்டும் மொத்த உயரத்தில் 3 மி.மீ.கூட வேறுபடா. 205/55 ஆர் 17 பூட்டினாலோ வேகமானி 100 காட்டுகையில் கார் 104இல் ஓடும். பாரக்குறி 91 உள்ள ரயர் 615 கிலோ தாங்கும். 87 ஆயின் 545 கிலோ மட்டுமே. ஒரு சில்லுக்கு ஓர் ஆளின் பாரம் குறைகிறது. காரை நிறைத்துக்கொண்டு பயணம் போகும் எமக்கு இது சிறிய விடயமன்று.

இப்போது எமது காரில் இருப்பவை 15 அங்குலக் கறுப்பு இரும்பு றிம்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கினோம். இரண்டு சற்றுத் தளர்ந்திருந்தன.