கூண்டுக் கிளிக்கு வீட்டுப் பலகாரம்

காக்கட்டீல் எனப்படும் கொண்டைக் கிளியின் எடை ஏறத்தாழ 90 கிராம். மாலைத் தேநீர் வேளையில் நாம் அதனிடம் நீட்டும் அரை பிஸ்கட்டின் எடை 3 கிராம் என்று கொள்வோம். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு இதனை விகிதப்படி கணக்கிட்டால் 2 கிலோ பிஸ்கட் என்று விடை வருகிறது. சிறிய உடலில் ஆற்றல் விரைவாகச் செலவாகும் என்பதால் இக்கணக்கை அப்படியே பொருத்த இயலாது என்பது உண்மையே. ஆயினும் கையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுக்கும்போது நாம் எந்த அளவில் சிந்திக்க வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கும் பட்ஜெரிகர் கிளிக்கோ எடை 35 கிராம் அளவுதான். அந்த அரை பிஸ்கட் அதன் உடல் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகிவிடும்.

இதனை எழுதுபவன் கால்நடை மருத்துவன் அல்லன். வணிகவியல் படித்து வங்கியில் பணிபுரிபவன். பணி மாற்றத்தில் ஊர் ஊராகச் சென்றபோது, கொல்கத்தாவின் காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும் மும்பை கிராஃபோர்டு சந்தையின் பறவைக் கடைகளையும் வேடிக்கை பார்த்த பழக்கம் நாளடைவில் வீட்டிற்குள்ளும் வந்துவிட்டது. என் இல்லத்தில் இப்போது இரண்டு காக்கட்டீல்கள் உள்ளன. கிளி வளர்க்கும் வாடிக்கையாளர்கள் சிலரும் கடன் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசி முடித்தபின், "சார், கிளிக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லிவரும் விடைகளின் தொகுப்பே இக்கட்டுரை.

முதலில் ஒரு சட்டச் செய்தி. நம் தோட்டங்களுக்கு வரும் சிவப்பு மூக்குப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்து வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எனவே இங்கே கூறப்படுபவை அனைத்தும் வளர்ப்புக்கெனவே இனப்பெருக்கம் செய்யப்படும் வெளிநாட்டுக் கிளிகளுக்கு உரியவை. அவற்றிலும் ஒரு வேறுபாடு உண்டு. பட்ஜெரிகர், காக்கட்டீல், இளஞ்சிவப்பு முகமுடைய ஆப்பிரிக்க லவ் பேர்ட் ஆகியவை சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், காக்கட்டூ முதலான பிற வகைகள் அப்பட்டியல்களில் உள்ளவை. அவற்றை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி 'பரிவேஷ்' இணையத்தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பறவை வாங்கும்போது விற்பனையாளரிடம் ரசீது கேட்டுப் பெறுவது நல்லது. நகைக்கடன் வாங்கும்போது தாள்களைப் பத்திரப்படுத்தும் நாம் பறவைக்கு மட்டும் ஏன் வெறுங்கையோடு வரவேண்டும்?

இனி உணவுக்கு வருவோம். கடைகளில் கிளித் தீவனம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் தினை, சாமை, கம்பு, சூரியகாந்தி விதை ஆகியவற்றின் கலவை. இவற்றில் சூரியகாந்தி விதையைக் கிளிகள் பெரிதும் விரும்பும். மற்றவற்றைக் கீழே தள்ளிவிட்டு அதனையே தேடித் தின்னும். அவ்விதையில் கொழுப்பு மிகுதி. வெறும் விதைகளையே ஆண்டுக்கணக்கில் உண்டு, பறக்க இடமின்றி வாழும் கிளிக்குக் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. விதைகளில் வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்பரப்பு தடித்து உரிந்து, கிருமிகள் எளிதில் நுழைய வழி ஏற்படுகிறது. ஒரு நாள் கிளி இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் அடியில் அமர்ந்திருக்கும். "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்போம். அது நன்றாக இருந்ததில்லை. இயற்கையில் நோயுற்ற பறவையே வேட்டை விலங்கின் கண்ணில் முதலில் படும் என்பதால், கிளிகள் இயன்றவரை நோயை மறைத்தே வைத்திருக்கும்.

ஆகவே பலகாரம் என்று தனியாக ஒன்றைச் செய்வதானால், தினசரிக் கிண்ணத்தில் இல்லாததைத் தருவதாக அது இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. விதை உண்ணும் கிளிக்குத் தேன் தடவிய விதைக் குச்சியை வாங்கித் தருவதில் பொருளில்லை. அது முன்பே நிரம்பியிருக்கும் கணக்கில் மேலும் வரவு வைப்பதாகும். ஆரஞ்சு நிறக் காய்களும் கரும்பச்சைக் கீரைகளும் முட்டையோட்டுச் சுண்ணாம்பும்தான் அதற்குத் தேவை.

மேலைநாட்டார் இதற்கென 'பறவை ரொட்டி' ஒன்றை அடுப்பில் சுட்டெடுப்பர். நம் வீடுகள் பலவற்றில் ஓவன் இல்லை. ஆனால் இட்டலிப் பானை இருக்கிறது. கம்பு மாவும் கேழ்வரகு மாவும் சேர்ந்து ஒரு கோப்பை. வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அல்லது சர்க்கரைவள்ளிக் கிழங்கு அரைக் கோப்பை. துருவிய கேரட் ஒரு கைப்பிடி. காம்பு நீக்கிய முருங்கைக்கீரை இரண்டு மேசைக்கரண்டி. இவற்றுடன் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, தேவையான அளவு நீர் சேர்த்து, கெட்டியான இட்டலி மாவின் பதத்திற்குக் கலக்க வேண்டும். முட்டையின் ஓட்டை வீணாக்க வேண்டா. அதனைப் பத்து நிமிடம் நீரில் கொதிக்கவிட்டு, உலர்த்தி, மிக்ஸியில் நன்கு பொடித்து ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். உப்பு, சர்க்கரை, எண்ணெய், சோடா மாவு எதுவும் கூடாது. மினி இட்டலித் தட்டில் ஊற்றி இருபது நிமிடம் ஆவியில் வேகவைத்தால் முட்டை முழுமையாக வெந்துவிடும். சைவ இல்லத்தார் முட்டையை விட்டுவிடலாம். மாவு சற்று உதிரும், அவ்வளவே. அவர்கள் சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையை, அதாவது கணவாய் ஓட்டை, கூண்டில் கட்டிவைக்கலாம்.

ஆறியபின் ஒவ்வொரு இட்டலியையும் பட்டாணி அளவுத் துண்டுகளாக நறுக்கி, ஃப்ரீசரில் வைத்தால் மூன்று வாரங்களுக்குக் குறையாமல் வரும். காக்கட்டீலுக்கு நாளொன்றுக்கு இரண்டு துண்டு, பட்ஜெரிகருக்கு ஒன்றில் பாதி, 400 கிராமுக்கு மேல் எடையுள்ள சாம்பல் கிளிக்கு ஐந்தாறு துண்டு என்பது நான் சொல்லும் அளவு. எவ்வகைப் பலகாரமாயினும் நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பறவை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் வரம்பு. என் இல்லத்தில் இதற்குக் 'கிளி இட்டலி' என்று பெயர். ஒருமுறை உறவினர் ஒருவர் அறியாமல் எடுத்து உண்டுவிட்டு, உப்பு போட மறந்துவிட்டோம் என்று எங்களுக்காக வருந்தினார்.

செய்முறையே தேவைப்படாத பலகாரம் ஒன்று உண்டென்றால் அது பழுத்த சிவப்பு மிளகாய்தான். கிளி மிளகாயைக் கொறிப்பதைச் சிறு வயதில் வியந்து பார்க்காதவர் குறைவு. அதற்குக் காரம் தெரியாது என்பதே காரணம். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், பாலூட்டிகளின் நரம்பிலுள்ள வெப்ப உணர்வு வாயில் ஒன்றைத் தூண்டி எரிச்சலை உண்டாக்குகிறது. அந்த உணர்வு வாயிலைக் கண்டறிந்த ஆய்வுக்காகவே டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடமும் அவ்வாயில் உண்டு. எனினும் அதன் அமைப்பு சற்று மாறுபட்டிருப்பதால் கேப்சைசினுக்கு அது அசைவதில்லை. எலி மென்றால் மிளகாய் விதை நொறுங்கிப்போகும். பறவை விழுங்கினால் முழுதாக வெளியேறி வேறிடத்தில் முளைக்கும். செடி யாருக்குக் கதவு திறந்து யாருக்கு அடைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். சிவப்பு மிளகாயிலும் சிவப்புக் குடைமிளகாயிலும் வைட்டமின் ஏ-யாக மாறும் நிறமிகள் நிறைந்துள்ளன. வாங்கியதும் நன்கு கழுவிக் கொடுக்க வேண்டும்.

தினையைப் பற்றியும் ஒரு சொல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் கிளி ஓட்டச் செல்கின்றனர். கிளிக்கும் தினைக்கும் உள்ள உறவை நம் முன்னோர் நன்கறிவர். முழுத் தினைக் கதிரை அப்படியே கூண்டில் தொங்கவிட்டால், கிளி ஒவ்வொரு மணியாக உரித்துத் தின்ன நெடுநேரம் ஆகும். எனினும் அதுவும் மாவுச்சத்தே ஆதலால் வாரம் ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டா. அதனினும் மேலானது முளைகட்டிய பச்சைப்பயறு. வால் சிறிதாக எட்டிப் பார்க்கும் பருவத்தில் மும்முறை அலசிக் கொடுக்கலாம். நம் வெப்பத்தில் ஈரமான உணவு விரைவில் கெடும்; இரண்டு மணி நேரத்தில் மீதியை எடுத்துவிட வேண்டும். முகர்ந்து பார்த்துச் சிறிதேனும் புளித்த வாடை வந்தால் முழுவதையும் கொட்டிவிடுவதே சரி. ராஜ்மா போன்ற பெரிய பருப்பு வகைகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ தரக்கூடாது. அவற்றிலுள்ள நச்சு நன்கு கொதிக்க வைத்தால்தான் நீங்கும்.

நஞ்சாகும் பொருள்கள் வேறும் உள. பட்டர் ஃப்ரூட் என்று நாம் அழைக்கும் அவகாடோவில் உள்ள பெர்சின் என்னும் பொருள் கிளியின் இதயத்தைத் தாக்கிக் கொல்லக்கூடியது. சாக்லேட், தேநீர், காப்பி, மது ஆகியவற்றையும் கிளியின் அருகில் கொண்டுசெல்லலாகாது. தேநீரில் நனைத்த ரஸ்க்கை அன்போடு ஊட்டும் வழக்கம் வட இந்தியாவில் பணியாற்றியபோது பல வீடுகளில் கண்டது. நம் வீடுகளிலும் அது இல்லாமல் இல்லை. வெங்காயம், பூண்டு, முறுக்கு, மிக்சர் ஆகியவை வேண்டா. பாலைச் செரிக்கும் நொதி பறவைகளுக்கு இல்லை. ஆப்பிள் தரலாம், விதையை நீக்கிவிட வேண்டும். கொய்யா, மாதுளை ஆகியவற்றை விதையோடு தரலாம். வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உருவாகிறது. தந்தே ஆகவேண்டும் என்றால், நாம் உண்பதற்கென வாங்கிய, உப்பில்லாத வறுகடலையில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உணவைக் காட்டிலும் விரைவாகக் கொல்வது சமையலறையின் காற்று. நான்-ஸ்டிக் பாத்திரம் வெறுமையாக அடுப்பில் கிடந்து மிகையாகச் சூடேறினால் அதன் பூச்சு சிதைந்து ஆவி எழும். நமக்கு வாடைகூடத் தெரியாமலிருக்கலாம். அடுத்த அறையிலுள்ள கிளி நிமிடங்களில் இறந்துபோகலாம். பறவையின் நுரையீரல் காற்றிலிருப்பதை மிகத் திறமையாக உறிஞ்சுவது. பிரிட்டன் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறிய 1986 வரை கானரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான். கிளிக்குப் பலகாரம் செய்கிறேன் என்று நான்-ஸ்டிக் தவாவை அடுப்பிலேற்றுவதைப் போன்ற முரண் வேறில்லை. எவர்சில்வரும் இரும்பும் மண்சட்டியும் போதும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகைக்கும் கூண்டை எட்டவே வைப்பது நன்று.

செய்த பலகாரத்தை எவ்வாறு தருவது என்பதும் ஒரு செய்தியே. காட்டில் கிளியின் பகற்பொழுதில் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே கழிகிறது. கூண்டிலோ உணவு கிண்ணத்தில் காத்திருக்கிறது; கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பகல் முழுதும் செய்வதற்கு ஒன்றுமில்லாத கிளி, தன் இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்குவதுண்டு. துண்டுகளை மக்காச்சோளத் தோலில் பொதிந்து நூலால் கட்டலாம்; அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தில் சுருட்டலாம்; தேங்காய்ச் சிரட்டையில் இட்டு மேலே உலர்ந்த இலைகளை மூடலாம். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் பயிற்றுவித்த அலெக்ஸ் என்னும் சாம்பல் கிளி, நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லி, சிறு எண்களை எண்ணி, வேண்டிய பண்டத்தையும் வாய்விட்டுக் கேட்டது. 2007-இல் இறக்கும் வரை அது கற்றுக்கொண்டே இருந்தது. அத்தகைய மூளைக்குக் கிண்ணத்தில் கொட்டிய தீவனம் மட்டும் போதுமா?

சாம்பல் கிளி நல்ல பராமரிப்பில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும். ஓய்வூதியம் பெற்றபின் துணைக்கென ஒன்றை வாங்கியவர் அதன் ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வைப்புத்தொகைக்கு நியமனதாரர் பெயர் எழுதுவது போல, அதற்குப்பின் கிளி யாரிடம் செல்லும், அது என்ன உண்ணும் என்பதைக் குடும்பத்தாரிடம் எழுதிக் கொடுத்துவைப்பது உகந்தது. காக்கட்டீல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் இருக்கும் பறவை.

பலகாரம் பயனளிக்கிறதா, அளவு மீறுகிறதா என்பதைக் காட்டுவது சமையலறை டிஜிட்டல் தராசுதான். ஞாயிறுதோறும் காலையில், இரை எடுக்கும் முன், கிளியைத் தராசின் மேல் அமரச்செய்து எடையைக் குறித்து வையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தோற்றம் எவ்வாறிருப்பினும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதைக்குப் பழகிய கிளி முதல் நாளே இட்டலித் துண்டை ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டா. விதையைத் திடீரென நிறுத்திப் பட்டினி போடுவது ஆபத்து. அதன் கண்முன்னே நாம் ஒரு துண்டை எடுத்து உண்பது போலக் காட்டினால் ஆவல் பிறக்கும். துண்டின் மேல் சிறிது தினையை ஒட்டிவைப்பதும் பயன் தரும். என் வீட்டுப் பறவைகளில் ஆண் பரங்கிக்காயைத் தொட்டுப் பார்க்கவே ஏழு வாரங்கள் ஆயின. பெண் முதல் நாளே உண்டது. அதைப் பார்த்துத்தான் இவன் பின்னர் இறங்கி வந்தான். இப்போது அவளுடைய பங்கையும் சேர்த்துத் தின்ன முயல்கிறான் என்பதால் இருவருக்கும் தனித்தனிக் கிண்ணம் வைக்கிறோம்.