அமுக்கிய காற்றுக்குள் இறங்கியவர்கள்

கொல்கத்தா சயன்ஸ் சிட்டிக்குக் கடிதம் போட்டால் உறையின் மேல் 'ஜே.பி.எஸ். ஹால்டேன் அவென்யூ' என்று எழுத வேண்டும். ஹால்டேன் இங்கிலாந்தில் பிறந்தவர். 1957-இல் பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வேலைக்கு வந்து, பிறகு இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்டார். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வந்தால் மரபியல் பாடத்திலோ, உயிர் எப்படித் தோன்றியது என்ற பாடத்திலோதான் வரும். நான் சொல்லப்போவது அவர் செவிப்பறை கிழிந்த கதை, முதுகெலும்பு நசுங்கிய கதை. இரண்டையும் செய்தது காற்றுதான். அமுக்கினால் காற்றுக்கு அவ்வளவு பலம் வந்துவிடும்.

அது தெரிய வேண்டுமானால் முதலில் ஹவுரா பாலத்துக்குப் போக வேண்டும். அந்தப் பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூணே கிடையாது. கரைக்கு ஒன்றாக இரண்டு கோபுரங்கள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றுக்கு அஸ்திவாரம் போட, ஏறக்குறைய 55 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள ராட்சதக் கூடுகளை மண்ணுக்குள் இறக்கினார்கள். கெய்சன் என்று அதற்குப் பெயர். ஒவ்வொன்றிலும் 21 குழிகள். குழிக்குள் மண்ணை அள்ள அள்ள, கூடு தன் எடையாலேயே கீழே போகும். அள்ளிய சேற்றோடு நங்கூரம், பீரங்கி, பித்தளைப் பாத்திரம், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் காசு எல்லாம் மேலே வந்தனவாம். ஒரு ராத்திரி கூடு திடீரென்று இரண்டடி இறங்க, கிதர்பூரில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பூகம்பம் என்றே பதிவு செய்துவிட்டது என்றும் சொல்வார்கள்.

கொல்கத்தாக் கரையில் ஒரு தொல்லை. தண்ணீரோடு மணலும் சேர்ந்து குழிக்குள் ஓடிவந்தது. அள்ளி மாளாது. அதனால் குழியை மூடி உள்ளே காற்றை அடித்து ஏற்றினார்கள். காற்று அழுத்திப் பிடித்ததும் மணல் வருவது நின்றது. அந்தக் காற்றுக்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்தார்கள். சுமார் 500 பேர் தேவைப்பட்டார்கள். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம். அதையும் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் கூட்டினால், நாம் இப்போது இருக்கும் அழுத்தத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். கடலில் சுமார் 27 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். 1938 நவம்பரில் அஸ்திவாரம் முடிந்தது. 1943-இல் பாலம் திறந்தது.

இப்படிப்பட்ட காற்றில் வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கும்போது வருவதில்லை, வெளியே வரும்போது வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் கூடினால் அது ரத்தத்திலும் கொழுப்பிலும் அதிகமாகக் கரையும். மெதுவாக வெளியே வந்தால் மூச்சோடு மூச்சாகப் போய்விடும். அவசரப்பட்டு வந்தால்? கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளியதும் நுரை பொங்குகிறதே, அதுதான் நடக்கும். குமிழி மூட்டில் நின்றால் வலி, தண்டுவடத்தில் நின்றால் கால் விளங்காது. நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் இதே கெய்சன் நோயில் விழுந்தார். அதன்பின் வேலைத்தளத்துக்கு அவர் குறிப்புகளைக் கொண்டுபோய் வேலையை நடத்தியவர் அவர் மனைவி எமிலி.

எவ்வளவு மெதுவாக வர வேண்டும் என்று கணக்கிட்டவர் நம் ஹால்டேனின் அப்பா, ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படை கேட்டதால், ஆடுகளை இரும்பு அறைக்குள் விட்டு அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பாவம்தான் ஆடுகள். மூட்டு வலி வந்த ஆடு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்; வாய் சொல்லாததைக் கால் சொல்லிவிடும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும்வரை ஆடுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை, அதற்கு மேல் ஒரே மூச்சில் குறைத்தால்தான் வம்பு என்று கண்டார். ஆகவே பாதிக்கு வா, அங்கே நில், பிறகு கொஞ்சம் ஏறு, மறுபடி நில். 1908-இல் அவர் வெளியிட்ட அட்டவணையைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். நின்று நின்று ஏறும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பாவின் ஆராய்ச்சியில் மகனும் சேர்த்திதான். 1906-இல், 13 வயதில், முக்குளிப்பவரின் உடையை மாட்டி அவரைக் கடலில் இறக்கினார்கள். உடை பெரியவர்களுக்குத் தைத்தது. மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருந்தது. பையன் அசரவில்லை.

1939-இல் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கி லிவர்பூல் அருகே மூழ்கி 99 பேர் இறந்தார்கள். ஆழத்தில் மாட்டிக்கொண்டவர் உயிரோடு தப்ப வழியுண்டா என்று பார்க்க, மகன் ஹால்டேன் ஆடுகளை விட்டுவிட்டுத் தானே இரும்பு அறைக்குள் போனார். பின்னாளில் அவர் மனைவியாகி, கொல்கத்தாவுக்கும் கூடவே வந்த ஹெலன் ஸ்பர்வேயும் அந்தச் சோதனைகளில் பங்கெடுத்தார். அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தபோது ஹால்டேனுக்கு வலிப்பு வந்தது. அந்த உதறலில் முதுகெலும்பு நசுங்கி, வாழ்நாள் முழுக்க வலி. செவிப்பறை கிழிந்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் கவலைப்பட்டதாகவே தெரியாது. ஓட்டை ஆறாவிட்டால் காது வழியாகப் புகை விடலாம், விருந்துகளில் நாலு பேர் ரசிப்பார்கள் என்று கிண்டலாக எழுதிவைத்தார்.

வலிப்பு வரவைக்கும் இதே ஆக்சிஜனைத்தான் இன்று மருத்துவர்கள் மருந்தாகக் கொடுக்கிறார்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்று பெயர். நோயாளியை மூடிய அறைக்குள் படுக்கவோ உட்காரவோ வைத்து, அழுத்தத்தை 2 முதல் 3 மடங்கு வரை ஏற்றி, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் சொல்கிறார்கள். ஹவுராவில் மண் அள்ளியவர்கள் இதைவிட அதிக அழுத்தத்தில் மணிக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்!

இதனால் என்ன லாபம்? நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். அது எப்போதும் ஏறக்குறைய நிரம்பியே இருக்கிறது. மேலும் ஏற்ற இடமில்லை. ஆனால் ரத்தத்தின் திரவப் பகுதியிலும் ஆக்சிஜன் கொஞ்சம் கரையும். சாதாரணமாக 100 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லிதான். 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது சுமார் 6 மில்லி ஆகிறது. ஓய்வாக இருக்கும் உடம்புக்கு அதுவே ஏறக்குறையப் போதும். 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற மருத்துவர், ரத்தத்தில் சிவப்பணுவே அநேகமாக இல்லாத பன்றிக்குட்டிகளை இப்படிச் சிறிது நேரம் பிழைக்க வைத்துக் காட்டினார்.

கொல்கத்தாவில் குளிர்காலத்தில் 'உனுன்' என்னும் கரி அடுப்பைப் பற்றவைத்து, கதவு ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு படுத்தால் என்ன ஆகும்? அடுப்பிலிருந்து மணமில்லாத கார்பன் மோனாக்சைடு கிளம்பி, ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு விடாது. வெறும் காற்றில் அது பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். 3 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் 23 நிமிடம். மற்றபடி, அவசரமாக மேலே வந்த முக்குளிப்பவரை மறுபடி அழுத்தத்துக்குள் வைத்தால் குமிழிகள் சுருங்கும். சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண், புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சால் கெட்ட திசு, ஆக்சிஜன் பிடிக்காத கிருமிகளால் வரும் அழுகல் நோய் இவற்றுக்கும், மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து, இது உதவுகிறது. புண் ஒரே நாளில் ஆறாது. தினம் ஒன்றரை மணி நேரம், வாரக்கணக்கில் போய்வர வேண்டும்.

வலிப்பு? அதற்குத்தான் நடுநடுவே ஐந்து நிமிடம் முகமூடியைக் கழற்றிச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க விடுவது வழக்கம். இந்த ஆபத்து எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரத்தில் வரும் என்பதைத் தங்கள் உடம்பிலேயே பார்த்துச் சொன்னவர்களில் ஹால்டேனும் ஒருவர்.

இளமை திரும்பும், ஆட்டிசம் குணமாகும் என்றெல்லாம் இதைக் காட்டி விளம்பரம் செய்கிறவர்களும் உண்டு. அதற்குச் சான்று இல்லை, நம்ப வேண்டாம்.

அறைக்குள் போகிறவர்களுக்குக் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் சின்னப் பொறியும் பெருந்தீ ஆகிவிடும். தீப்பெட்டி கூடாது, செல்போன் கூடாது, நைலான் துணி கூடாது, பருத்தி மட்டும். தலையில் சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது. எண்ணெய் வைக்காமல் படி தாண்ட விடாத பாட்டிகள், அன்றைக்கு மட்டும் மருத்துவரிடம் தோற்றுத்தான் ஆக வேண்டும்.