குளிருக்குக் கம்பளி, இருளுக்கு?

செப்டம்பர் மாதத்தில் விமான நிலையத்தில் வழியனுப்பி வைத்த பிள்ளை, டிசம்பரில் தொலைபேசியில் பேசும்போது குரல் மாறியிருப்பதைப் பல பெற்றோர் உணர்ந்திருப்பார்கள். வழக்கமான கேள்விகளைக் கேட்கிறோம். சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். தூங்கினாயா? நன்றாகத் தூங்கினேன். பசியும் உறக்கமும் குறையவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று நிம்மதியுடன் பேச்சை முடித்துக் கொள்கிறோம்.

அந்த நிம்மதியில்தான் பிழை இருக்கிறது. பொதுவாக மனச்சோர்வு என்றால் உறக்கம் கெடும், உணவு இறங்காது என்பதே நாம் அறிந்தது. குளிர்காலத்தில் மட்டும் வந்து போகும் மனச்சோர்வோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. பத்து மணி நேரம் உறங்கியும் களைப்பு தீராது. சோறு, ரொட்டி, இனிப்பு என மாவுச்சத்து மிகுந்த உணவின் மீது அடங்காத நாட்டம் வரும், எடை கூடும். படுக்கையை விட்டு எழவும், நண்பர்களைச் சந்திக்கவும் மனம் வராது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகத் தெரியும். 'லட்சக்கணக்கில் கடன் வாங்கி அனுப்பினோம், இவன் இப்படித் தூங்குகிறானே' என்ற கோபம்கூட எழும்.

இந்நிலைக்குப் 'பருவகால மனச்சோர்வு' என்ற பெயரைத் தந்தவர் நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர். அவரும் புலம்பெயர்ந்தவரே என்பது இங்கே நினைக்கத்தக்கது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 1976-இல் நியூயார்க் வந்தவர், குளிர்காலத்தில் தன் ஊக்கம் வற்றுவதையும் வசந்தம் வந்ததும் மீள்வதையும் கண்டார். பின்னர் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றியபோது, இதே அனுபவம் கொண்ட 29 நோயாளிகளைப் பற்றி 1984-இல் அவரும் உடன் பணியாற்றியோரும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

காரணம் குளிர் அன்று, ஒளிக்குறைவு. டிசம்பர் 21-ஆம் தேதி சென்னையில் பகல் பதினொரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. அதே நாளில் டொராண்டோவில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்; லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு; எடின்பரோவில் ஏழு; ஓஸ்லோவில் ஆறு மணி நேரம்கூட இல்லை. லண்டனில் காலை எட்டு மணிக்கு உதிக்கும் சூரியன் மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. வகுப்பறையிலிருந்து வெளியே வருபவருக்கு இரவுதான் எதிர்ப்படும். பகுதிநேர வேலையாகக் கிடங்குகளில் இரவுப் பணி செய்து பகலில் உறங்கும் மாணவர்கள், வாரக்கணக்கில் சூரியனைக் காணாமலே இருந்துவிடுவதும் உண்டு.

நம் கண் பார்ப்பதற்கு மட்டுமானதன்று. விழித்திரையிலுள்ள சில சிறப்பு நரம்பணுக்கள், வெளியே பகலா இரவா என்ற செய்தியை மூளையின் ஆழத்திலுள்ள உயிர்க்கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. உறக்கத்துக்குரிய மெலடோனின் எப்போது சுரக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை அக்கடிகாரமே முடிவு செய்கிறது. விடிந்த பின்னும் ஒளி வரவில்லை என்றால் கடிகாரம் பிந்துகிறது. உடல் இன்னும் இரவில் இருக்க, கைப்பேசியின் அலாரம் மட்டும் காலை என்கிறது. மனநிலையோடு தொடர்புடைய செரோடோனினும் இதில் பங்கேற்கிறது என்று கருதப்படுகிறது. முழு விளக்கம் இன்னும் எட்டப்படவில்லை என்றாலும், ஒளிக்கும் உடலுக்குமான தொடர்பில் ஐயமில்லை.

அறையில் விளக்கு எரிகிறதே என்று கேட்கலாம். ஒளியின் அளவை 'லக்ஸ்' என்ற அலகால் குறிக்கிறார்கள். நன்கு ஒளியூட்டப்பட்ட வகுப்பறையிலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய குளிர்கால நண்பகலில்கூட வெளியே ஆயிரத்தைத் தாண்டும். நம் ஊர் வெயிலோ பல்லாயிரம். 1980-இல் ஆல்ஃபிரட் லூயி என்ற ஆய்வாளரின் குழு, 500 லக்ஸ் ஒளியால் அடங்காத மெலடோனின் 2,500 லக்ஸில் அடங்குவதைக் காட்டியது. ஒளிச் சிகிச்சைக்கு அடிகோலிய கண்டுபிடிப்பு இது.

இன்று 10,000 லக்ஸ் தரும் விளக்குப் பெட்டிகள் அந்நாடுகளில் கடைகளிலேயே கிடைக்கின்றன. காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், இருபது முதல் முப்பது நிமிடம் அதன் முன் அமர வேண்டும். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை; காலை உணவு உண்ணலாம், படிக்கலாம். புற ஊதாக் கதிரை வடிகட்டும் விளக்காக இருத்தல் வேண்டும். கண் நோய் உள்ளவர்களும், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

விளக்கு மட்டுமே வழியன்று. அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் 177 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஒளிச் சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் ஆறு வாரம் அளிக்கப்பட்டன. அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளிச் சிகிச்சை பெற்றவர்களில் 46 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் சோர்வு திரும்பியிருந்தது. விளக்கை ஆண்டுதோறும் எடுத்து வைக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பயின்ற பழக்கம் உடன் வருகிறது போலும்.

நார்வேயின் ரியூக்கன் என்னும் சிற்றூரின் கதை இங்கே சொல்லத் தகும். மலைகளுக்கிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த அவ்வூரில் செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை நேரடி வெயில் விழாது. 1928-இல் மக்கள் மலையேறி வெயில் காண்பதற்கென்றே கம்பிவடப் பெட்டி அமைத்தார்கள். 2013-இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுவி, சூரியனைப் பின்தொடரச் செய்து, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலை விழவைத்தார்கள். வெயிலுக்கு ஒதுங்க மரம் நட்ட ஊரில் பிறந்த நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், இருட்டு ஒரு பொதுப் பிரச்னை, அதைத் தனிமனிதரின் தலையில் கட்டக் கூடாது என்று ஓர் ஊரே ஒப்புக்கொண்டிருப்பது எளிய செய்தியன்று.

இக்கருத்துக்கு எதிர்ப்பும் உண்டு. அமெரிக்காவில் 34,000-க்கும் மேற்பட்டோரிடம் பெற்ற தரவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான கட்டுரை ஒன்று, மனச்சோர்வுக்கும் பருவத்துக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. மக்கள்தொகை முழுவதிலும் தென்படாத ஒன்று, சிலரிடம் ஆண்டுதோறும் தவறாமல் வருவதற்குத் தடையில்லை என்பதே என் எண்ணம். அதே வேளையில், வெளிநாட்டில் வாடும் நம் பிள்ளைகளின் துயரம் அனைத்தையும் சூரியன் மீது சுமத்துவதும் சரியாகாது. கடன் தவணை, வாடகை, வேலை கிடைக்குமா என்ற அச்சம், ஒருவரும் தமிழில் பெயர் சொல்லி அழைக்காத தனிமை ஆகியவை எந்த விளக்குப் பெட்டிக்கும் அடங்குவன அல்ல.

வைட்டமின் டி பற்றியும் ஒரு சொல். கருநிறத் தோல், குறைந்த வெயிலில் அச்சத்தைப் போதிய அளவு உற்பத்தி செய்வதில்லை. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அனைவரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது பற்றி எண்ண வேண்டும் என்றும், கருநிறத்தவர் ஆண்டு முழுவதுமே எண்ணலாம் என்றும் பிரிட்டன் அரசு அறிவுறுத்துகிறது. இது எலும்புக்கும் தசைக்குமானது. மனச்சோர்வுக்கு மருந்தாக அதை நம்பியிருக்க வேண்டாம்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வகுப்புக்குப் போவது நின்றாலோ பல்கலைக்கழகத்தின் ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். மாணவர்களுக்கான ஆலோசனைச் சேவையைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தனிக் கட்டணமின்றி அளிக்கின்றன. நம் மாணவர்கள்தாம் 'பதிவேட்டில் ஏறிவிடுமோ, விசாவுக்கு இடையூறோ' என அஞ்சி ஒதுங்குகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. கனடாவில் 988, இங்கிலாந்தில் 111, நம் நாட்டில் 14416 என்ற எண்களை அழைக்கலாம்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாம் வழக்கமாக அழைப்பது, நம் வேலை முடிந்த இரவு நேரத்தில். லண்டனில் அப்போது இருட்டத் தொடங்கியிருக்கும். நம் பிற்பகல் இரண்டரை மணிக்கு அழைத்தால் அங்கே காலை ஒன்பது. டொராண்டோவுக்கு இரவு ஏழரைக்கு அழைத்தால் அங்கேயும் காலை ஒன்பது. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், 'கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வா, நடந்துகொண்டே பேசுவோம்' என்று சொல்லலாம்.