மரத்துக்குக் கிடைத்தது மனிதருக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. பேராக்கில் மூன்று நான்கு தலைமுறைத் தமிழர்களுக்குச் சோறு போட்டது ரப்பர் மரம்தான்.

அந்த மரத்தை அறிவியல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவானது. மண் அறிந்தவர், செடி நோய் அறிந்தவர், வேதியியல் அறிந்தவர் எல்லாரும் ஒரே மரத்துக்காகக் கூடி உழைத்தார்கள். பட்டையை எந்தச் சாய்வில் வெட்டுவது, உள்ளே காயம் படாமல் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளர்ந்துவிடும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு என்னும் ஆள்கணக்கு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம்மவர்கள் மர நிரைக்குள் இறங்கினார்கள்.

வெட்டிய கைகளுக்கு என்ன கிடைத்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பல இடங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகைதான். கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். மலேரியாவை ஆராய்ந்தார்கள், உண்மை. ஆளுக்குக் காய்ச்சல் கண்டால் பால் வெட்டுவது யார்?

1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பல்கலைக்கழகத்தின் பார்வை தொழிலாளர் பக்கமும் திரும்பியது. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார்.

பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லய வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மருந்தகம், பள்ளி, கோயில் எல்லாம் வேலையோடு சேர்ந்தே இருந்தவை. வேலை போனதும் அத்தனையும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன.

இன்று பேராக்கில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமில்லை. தஞ்சோங் மாலிமில் 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்து, தமிழாசிரியர்களுக்கும் பட்டம் தருகிறது. ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய ஈயச் சுரங்க நிலமான கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம். ஈப்போவிலேயே மருத்துவக் கல்லூரி. பாடத்தின் பகுதியாகவே மாணவர்கள் சமூகத்துக்குள் சென்று உழைக்க, 'சுலாம்' என்ற சேவைவழிக் கற்றல் திட்டத்தை 2019இல் கல்வி அமைச்சு கொண்டுவந்தது.

வழி இருக்கிறது, சேர்ந்து நடக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துவரும் ஓர் அம்மாவுக்கு நீரிழிவு என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை எழுதுவது மருத்துவரின் வேலை. அவர் எந்த நேரத்தில் எதைச் சாப்பிட முடிகிறது என்பதை உணவியல் மாணவர் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிச் சேர்க்கை தடைப்பட்டால், அதற்குச் சட்டம் படித்தவர் வேண்டும். அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டத் தடுமாறினால் ஆசிரியர் பயிற்சி மாணவர் வேண்டும். ஒரே வீட்டுக் கதவைத் தட்டும் இந்த நால்வரும் ஒருவரையொருவர் அறியாமல் வந்துபோனால், படிவங்கள்தான் நிறையும்.

ஒரு மரம் கூடுதலாகப் பால் தருவதற்காகப் பல துறைகள் ஒரே கூரையின்கீழ் கூடியது நடந்த வரலாறு. பேராக்கில், அந்த மரத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்காகவும் துறைகள் கூட வேண்டும். கண்டறிந்ததை அந்த மக்களிடமே தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து எதை ஆராய்வது என்று அவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இது சலுகை அல்ல. நூறாண்டு உழைப்புக்கு இந்த மண் இன்னும் தர வேண்டிய பாக்கி.