‘ஒண்ணும் இல்ல சார், ஆடுறேன்!’
தலையில் அடிபட்ட மாணவரும் ஆசிரியரின் முடிவும்

2020 டிசம்பர் 4 அன்று ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் நடந்த இருபது ஓவர் கிரிக்கெட் போட்டி நம் பகுதியில் பலருக்கும் நினைவிருக்கும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் இந்தியாவுக்காக ஆடிய முதல் சர்வதேச இருபது ஓவர் போட்டி அது. அதே போட்டியில், இந்திய அணியின் கடைசி ஓவரில் மிட்செல் ஸ்டார்க் வீசிய பந்து ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டைத் தாக்கியது. அவர் விழவில்லை, மயங்கவில்லை. மீதமிருந்த பந்துகளையும் ஆடி முடித்தார். இடைவேளையில்தான் தலைசுற்றல் இருப்பது தெரியவந்தது. அணி மருத்துவர் பரிசோதித்தார். ஜடேஜா மீண்டும் களமிறங்கவில்லை. அவருக்குப் பதிலாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார்.

தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவர் முழுமையாக ஆடலாம் என்ற இந்த விதியை ஐ.சி.சி. 2019 ஆகஸ்ட் 1 முதல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்று விவாதம் முழுவதும் இந்த மாற்றம் நியாயமா என்பதைச் சுற்றியே நடந்தது. ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஹெல்மெட் அணிந்திருந்தும் பாதிப்பு வந்தது. அந்தப் பாதிப்பு அடிபட்ட நொடியில் வெளியே தெரியவில்லை.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

தலையிலோ, தலையைக் குலுக்கும்படி உடம்பிலோ பலத்த அடி விழும்போது மூளையின் செயல்பாடு தற்காலிகமாகக் குழம்புவதையே ‘கன்கஷன்’, அதாவது மூளை அதிர்ச்சி என்கிறோம். ஒரு தூக்குவாளியில் உறைந்த தயிரை எண்ணிக்கொள்ளுங்கள். வாளியைத் துணியால் நன்றாகச் சுற்றி வைத்தால், கீழே விழுந்தாலும் அது நசுங்காது. ஆனால் உள்ளே தயிர் கலங்கிவிடும். ஹெல்மெட் அந்தத் துணியைப் போன்றது. மண்டையோடு உடையாமல் காப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் மூளை உள்ளே குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது.

வெளியே ரத்தம் இருக்காது, வீக்கமும் இல்லாமல் போகலாம். சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மயக்கம் வந்தால்தான் ஆபத்து என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். உண்மையில், மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

ஓய்வு கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் முழுமையாகக் குணமடைகிறார்கள். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் பெரிய ஆபத்து. அரிதாக, சிறிய இரண்டாவது அடிகூட மூளையில் வேகமான வீக்கத்தை உண்டாக்கி உயிரைப் பறித்துவிடுகிறது. இது வளரும் வயதினரிடமே அதிகம் காணப்படுகிறது.

பனி மைதானம் கற்ற பாடம்

இந்த உண்மையை அதிக விலை கொடுத்துக் கற்ற விளையாட்டு ஐஸ் ஹாக்கி. நம் நாட்டில் லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் ஆடப்படும் இந்த ஆட்டத்தில், எதிராளியை உடம்பால் மோதித் தடுக்க விதியே அனுமதிக்கிறது. வட அமெரிக்காவின் தொழில்முறை அமைப்பான தேசிய ஹாக்கி லீக்கில் 1968 ஜனவரி 13 அன்று பில் மாஸ்டர்டன் என்ற வீரர் மோதலில் விழுந்து, பனித்தரையில் தலை அடிபட்டு, இரண்டு நாள்களில் இறந்தார். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. அதற்குப் பிறகும் 1979இல்தான் ஹெல்மெட் கட்டாயமானது. அதுவும் புதிதாகச் சேரும் வீரர்களுக்கு மட்டும்.

ஹெல்மெட் வந்தும் மூளை அதிர்ச்சி குறையவில்லை. 2011 ஜனவரி 1 அன்று அந்த லீக்கின் முன்னணி வீரர் சிட்னி கிராஸ்பியின் தலையில் அடிபட்டது. அவர் தொடர்ந்து ஆடினார். நான்கு நாள் கழித்து, ஜனவரி 5இல் மீண்டும் ஒரு மோதல். அதன்பின் அவரால் அந்த ஆண்டு நவம்பர் 21 வரை களமிறங்க முடியவில்லை. திரும்பி வந்த சில நாள்களிலேயே அறிகுறிகளும் திரும்பின. மறுபடி விலகி, 2012 மார்ச்சில்தான் வந்தார். உலகின் சிறந்த மருத்துவ வசதி அருகிலிருந்த வீரருக்கே இந்த நிலை.

2011 மார்ச்சில் அந்த லீக் தன் விதியை மாற்றியது. சந்தேகத்துக்குரிய அடி பட்டவரை ஆட்ட இரைச்சலிலிருந்து விலக்கி, அமைதியான அறையில் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். 2016 முதல் இன்னொரு படி முன்னே சென்றார்கள். நியூயார்க்கில் திரைகளின் முன் அமர்ந்து ஆட்டங்களைக் கவனிக்கும் பார்வையாளர்கள், அறிகுறி தெரிந்த வீரரை வெளியே எடுக்கச் சொல்லலாம் என்று அதிகாரம் தந்தார்கள்.

ஏன் அவ்வளவு தொலைவிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும்? அடிபட்ட வீரர் ஆடவே விரும்புவார். பயிற்சியாளர் வெற்றியை விரும்புவார். குழம்பியிருப்பது முடிவெடுக்க வேண்டிய மூளையே. ஆகவே, ஆட்டத்தின் முடிவில் ஆதாயம் இல்லாத ஒருவரிடம் அந்த முடிவை ஒப்படைத்தார்கள். நம் பள்ளி மைதானத்தில் அந்த ஒருவர் ஆசிரியர்தான்.

தோழிகளுக்குத் தெரிந்தது, பெரியவர்களுக்குத் தெரியவில்லை

தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், 2013 மே மாதம் ரோவன் என்ற பதினேழு வயது பள்ளி மாணவி ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். ஒரே வாரத்துக்குள் அவர் தலையில் பலமுறை அடிபட்டிருந்தது. தலைவலிப்பதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்தார். மூளை அதிர்ச்சி பற்றி இணையத்திலும் தேடியிருந்தார். பெரியவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அந்த மாநிலம் 2018இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. இளம் வீரர்களும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் ஆண்டுதோறும் மூளை அதிர்ச்சி பற்றிய தகவலைப் படித்தாக வேண்டும். சந்தேகம் எழுந்த உடனே வீரரை வெளியேற்ற வேண்டும்.

இது சட்டமாக வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. “தலையில் அடிபட்டால் உடனே என்னிடம் சொல். நண்பனுக்கு அடிபட்டதைப் பார்த்தாலும் சொல். அது கோள் சொல்வது ஆகாது” என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு நிமிடம் சொன்னாலே போதும்.

நம் கபடிக் களத்தில்

குறுவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, பொங்கல் விளையாட்டு என எங்கும் நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு ஆடுவது கபடி. பாடிச் சென்றவரை நான்கைந்து பேர் சேர்ந்து மடக்கும்போது தலை மற்றவரின் முழங்காலிலோ தரையிலோ மோத வாய்ப்பு அதிகம். அடிபட்டவரைத் தூக்கி நிறுத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, “நட, சரியாயிடும்” என்று அனுப்புவது நம் வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

கபடியில் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவர், தன் அணி புள்ளி எடுத்தால் மீண்டும் உள்ளே வரலாம். தலையில் அடிபட்டு வெளியே வந்தவருக்கு மட்டும் அன்று மறுபடி உள்ளே வர வழியில்லை. இதை அணித்தேர்வு நாளிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். மாற்று வீரர்கள் இருப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

அடிபட்டவரிடம் “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்ல சார், ஆடுறேன்” என்ற பதில்தான் வரும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் வேறு விதமாகக் கேட்கலாம்: இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டத்தில் யாரோடு மோதினோம், ஜெயித்தோமா? ஒரு பதில் தடுமாறினாலும் ஆட்டம் முடிந்தது என்று பொருள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் மூளை அதிர்ச்சி இல்லை என்று பொருளல்ல. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, வெளிச்சம் அல்லது சத்தம் தாங்காமை, நடையில் தள்ளாட்டம், வெறித்த பார்வை, காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வெளியே உட்கார வைக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் நிலையைச் சொல்லத் தெரியாது. ஊஞ்சலிலிருந்து விழுந்த பிள்ளை, படிக்கட்டில் தலை மோதிய பிள்ளை ஆகியோரிடம் ஓயாத அழுகை, சாப்பிட மறுப்பது, வழக்கத்துக்கு மாறான தூக்கம், விளையாட்டில் நாட்டமின்மை ஆகியவற்றைப் பாருங்கள்.

உடனே 108

கழுத்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல், நினைவு தப்புதல், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்றால் மாணவரை அசைக்காதீர்கள். வலி மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்க வேண்டாம்.

எலவனாசூர்கோட்டை உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இங்கிருந்து மருத்துவமனை சேர்வது எளிது. கல்வராயன் மலையில் உள்ள பள்ளிகளின் நிலை வேறு. மலைப்பாதையில் இறங்கிவரவே நேரம் பிடிக்கும். அங்கு ‘சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்பது அதிக ஆபத்தான முடிவு.

அபாய அறிகுறி இல்லாத மாணவரையும் தனியே விடக் கூடாது. சைக்கிளிலோ பேருந்திலோ தனியாக வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. பெற்றோரை வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, மருத்துவரிடம் காட்டச் சொல்லி ஒப்படையுங்கள். இரவில் கவனிக்க வேண்டிய அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது.

வகுப்பறைக்கும் இதில் பங்குண்டு

மூளை அதிர்ச்சி உடற்கல்வி ஆசிரியரின் கவலை மட்டுமல்ல. மைதானத்தில் தெரியாத பாதிப்பு இரண்டு நாள் கழித்துத் தமிழ் வகுப்பிலோ கணக்கு வகுப்பிலோ வெளிப்படலாம். நன்றாகப் படிக்கும் மாணவி பத்தியின் நடுவில் திணறுவார். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் தலைவலிக்கிறது என்பார். சொன்னதை மறந்துவிடுவார். இதைச் சோம்பல் என்றோ சாக்கு என்றோ எடுத்துக்கொண்டு கண்டித்தால், காயத்துக்குத் தண்டனை கொடுத்ததாகிவிடும்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு வேண்டும். செல்போன், தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்க வேண்டும். முழுநாளும் இருட்டறையில் படுத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் மெதுவாக நடமாடலாம். பிறகு பள்ளிக்கு வரலாம், தேவையானால் அரைநாள் மட்டும். வெளிச்சம் நேரே படாத இடத்தில் உட்கார வைப்பது, குறிப்பெடுக்க நண்பரை உதவச் சொல்வது, தேர்வைச் சில நாள் தள்ளி வைப்பது ஆகியவை செலவில்லாத சிகிச்சைகள்.

பாடம் முதலில், ஆட்டம் பிறகு. வகுப்பில் முழுநாளும் சிரமமின்றி இருக்க முடிந்த பிறகே களத்துக்குத் திரும்பலாம். அதுவும் படிப்படியாக: முதலில் நடை, அடுத்து மெதுவான ஓட்டம், பிறகு மோதல் இல்லாத காலசைவுப் பயிற்சி. மருத்துவர் சம்மதித்த பின் பிடி பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி பின்னே வர வேண்டும். பிரிட்டன் அரசு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தலையில் அடிபட்டவர் 21 நாள்களுக்கு முன் போட்டியில் இறங்கக் கூடாது என்கிறது. இறுதிப்போட்டி அடுத்த வாரம் என்பது அந்த நாள்களைக் குறைக்கக் காரணமாகாது.

இந்த வாரமே செய்யக்கூடியவை

களத்தில் கல் பொறுக்கி, மண்ணைக் கிளறிப் பதப்படுத்துங்கள். எல்லைக்கோட்டுக்கு அருகில் கம்பமோ படியோ இல்லாமல் பாருங்கள். வயதும் எடையும் ஒத்தவர்களை மோதவிடுங்கள். பிடிக்கப் போகும்போது தலையைக் குனியாமல், கண் பார்த்துச் செல்லப் பழக்குங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் எண், வாகனம் தரக்கூடியவரின் எண், அணி மாணவர்களின் பெற்றோர் எண்கள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி விளையாட்டுப் பொருள்களோடு வைத்திருங்கள்.

தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்கட்டும்: ‘சந்தேகம் வந்தால் வெளியே. இன்று மறுபடி உள்ளே இல்லை.’ கூட்டம் கூச்சலிட்டாலும், ஒரு புள்ளியில் கோப்பை கைநழுவினாலும் அந்த வரியில் மாற்றமில்லை. கோப்பைக்கு அடுத்த ஆண்டும் ஆடலாம்.